வக்கீல் வைக்காம நாமளே கேஸ் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், வர வேண்டிய காசு வரல, தொகையப் பாத்தா வக்கீல் ஃபீஸுக்கே சரியாப் போயிடும், அதனால விட்டுடலாமான்னு யோசனை. விடாதீங்க. இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு.

கேள்வி: பெங்களூர் ஈஜிபுரால 3 வருஷம் வாடகைக்கு இருந்தோம். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,20,000. காலி பண்ணி 5 மாசம் ஆச்சு. ஓனர் 50,000 மட்டும் அனுப்பிட்டு மீதிய பெயின்டிங், பாத்ரூம் டைல்ஸ், கிச்சன் கப்போர்டுனு கணக்கு சொல்லி நிறுத்திட்டார், இப்ப போனே எடுக்கறதில்ல. வக்கீல் 25,000 கேக்கறார். நானே கேஸ் போட முடியுமா? கன்னடம் பேசுவேன், எழுத வராது. – வாசகி, விவேக் நகர்

தாராளமா போடலாம்மா. சொந்த கேஸ சொந்தமா நடத்தறது உங்க உரிமை, வக்காலத்து போட ஆள் வேணும்னு கட்டாயம் எங்கயும் இல்ல. கோர்ட் பேப்பர்ல உங்க பேருக்குப் பக்கத்துல 'பார்ட்டி இன் பர்சன்'னு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா இந்த மாதிரி கேஸ் ஜெயிக்கறதும் தோக்கறதும் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து பேப்பர எப்படி அடுக்கறோம்ங்கறதுல இருக்கு, அதனால அத மொதல்ல சொல்றேன்.

அக்ரிமென்ட எடுத்து நிதானமா படிங்க. காலி பண்றப்ப பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிக்கலாம்னு பெங்களூர்ல பாதி அக்ரிமென்ட்ல எழுதியிருக்கும். உங்களோடதுலயும் இருந்தா அந்த 18,000-ஐ நீங்களே கழிச்சுட்டு மீதி 52,000-ஐ மட்டும் கேளுங்க. முழுசா 70,000 கேட்டா அந்த ஒரு விஷயத்தப் பிடிச்சுக்கிட்டு ஓனர் தரப்பு உங்கள நேர்மையில்லாத ஆளா காட்டப் பாக்கும். டைல்ஸ், கப்போர்டு விஷயம் வேற. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-வது பிரிவுப்படி வாடகைக்கு இருந்தவங்க வீட்ட வாங்கின நிலையிலயே திருப்பிக் குடுக்கணும், ஆனா சாதாரண உபயோகத்துல வர்ற தேய்மானத்துக்கு அவங்க பொறுப்பில்ல. 3 வருஷம் குடும்பம் நடத்தின வீட்டுல குழாய் கொஞ்சம் லூஸாகறதும் கப்போர்டு கதவு இறங்கறதும் தேய்மானம்தான், டைல்ஸ் உடைஞ்சிருந்தா அது நீங்க பதில் சொல்ல வேண்டியது. அதுக்கு அவர் பில்லு காட்டட்டும்.

அடுத்தது தேதிகள். ஒரு வெள்ளப் பேப்பர்ல, அட்வான்ஸ் குடுத்த தேதி, எப்படி குடுத்தீங்க, குடி போன தேதி, காலி பண்றேன்னு சொன்ன தேதி, சாவி ஒப்படைச்ச தேதி, 50,000 வந்த தேதி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல என்ன ஆதாரம்னு போடுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்டா, வாட்ஸ்அப் மெசேஜா, காலி வீட்ட எடுத்த வீடியோவா, அக்ரிமென்ட்டா. ஆதாரம் இல்லாத வரி எதுன்னு இப்பவே தெரிஞ்சுரும். கேஸ் முழுக்க உங்க கைல இருக்க வேண்டிய பேப்பர் இதுதான், ஜட்ஜ் எது கேட்டாலும் இதப் பாத்து பதில் சொல்லலாம்.

வாட்ஸ்அப்ப நம்பி இருக்கீங்கன்னா ஒரு விஷயம். 2024 ஜூலை 1-லேர்ந்து புது சாட்சியச் சட்டம் வந்தாச்சு, அதோட 63-வது பிரிவுப்படி ஸ்கிரீன்ஷாட்ட சும்மா பிரின்ட் போட்டு வச்சா போதாது, இது இன்ன போன்லேர்ந்து எடுத்ததுன்னு ஒரு சர்டிஃபிகேட் கூட வைக்கணும், அதுல நீங்க நிரப்பற பகுதி ஒண்ணு, கம்ப்யூட்டர் தெரிஞ்ச நிபுணர் நிரப்பற பகுதி ஒண்ணு. அந்த போன மாத்திடாதீங்க, ரீசெட் பண்ணிடாதீங்க. இன்னொண்ணு அக்ரிமென்ட் ஸ்டாம்ப். சட்டப்படி வேண்டிய தொகைக்குக் கம்மியான ஸ்டாம்ப்ல எழுதியிருந்தா, குறைஞ்ச தொகையும் அதுக்கு மேல 10 மடங்கு அபராதமும் கட்டினாதான் கோர்ட் அத ஆதாரமா படிக்கும். சின்ன தொகைதான் குறைஞ்சிருக்கும், பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா பாதி கேஸ்ல திடீர்னு எதிர்த்தரப்பு கிளப்பினா கை கால் உதறும், அதனால முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. அட்வான்ஸ் பேங்க் மூலமா போயிருந்தா அதுவே பலமான ஆதாரம்.

இப்ப நோட்டீஸ். இதுக்கும் வக்கீல் லெட்டர்பேட் வேணும்னு இல்ல. இந்த அளவுக்கு எழுதினா போதும், இங்கிலீஷ்லயோ கன்னடத்துலயோ:

"உங்க வீட்டுல 1-6-2022 முதல் 31-5-2025 வரை வாடகைக்கு இருந்தேன். 28-5-2022 அன்று பேங்க் மூலமா 1,20,000 ரூபாய் அட்வான்ஸ் குடுத்தேன். 31-5-2025 அன்று சாவிய ஒப்படைச்சேன். இதுவரை 50,000 திருப்பித் தந்திருக்கீங்க. அக்ரிமென்ட்படி பெயின்டிங் 18,000 போக 52,000 பாக்கி. இத 15 நாளுக்குள்ள தரணும். தரலைன்னா இந்த நோட்டீஸ் தேதியிலேர்ந்து வட்டியும் சேத்து வசூலிக்க கோர்ட்டுக்குப் போவேன்."

தேதிகள உங்களோடதா மாத்திக்கோங்க. கடைசி வரிய மட்டும் விட்டுடாதீங்க, வட்டி கேப்பேன்னு எழுத்துல சொன்ன தேதியிலேர்ந்து வட்டி குடுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு, 1978-ஆம் வருஷத்து வட்டிச் சட்டம் அதத்தான் சொல்லுது. திட்டறது, சாபம் விடறது, போலீஸ்னு மிரட்டறது எதுவும் வேண்டாம், நாளைக்கு ஜட்ஜ் படிக்கப் போற கடிதம் இது. ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி ஆதாரத்தோட அனுப்பி ரசீது, டிராக்கிங் பிரின்ட் ரெண்டையும் எடுத்து வைங்க. சரியான அட்ரஸுக்குப் போய் அவர் வாங்க மறுத்து திரும்பி வந்தாலும் சேந்த மாதிரிதான், அந்த கவர பிரிக்காம அப்படியே வச்சிருங்க.

15 நாள் போயும் பதில் இல்லையா, நேரா கேஸுக்குப் போறதுக்கு முன்னாடி சட்டப் பணிகள் ஆணையத்துக்கு ஒரு மனு குடுத்துப் பாருங்கன்னு நான் அழுத்திச் சொல்லுவேன். மாநில ஆணைய ஆபீஸ் சித்தய்யா ரோடு நியாய தேகுலா கட்டடத்துல இருக்கு, போன்னா 15100. கேஸ் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் கூப்பிட்டு லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, பேசி முடிக்க வழி இருக்கு, கோர்ட் ஃபீ கிடையாது, அங்க ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா அது கோர்ட் தீர்ப்புக்கு சமம், அதுக்கு மேல அப்பீலும் இல்ல. பெரிய கேஸா போட்டு நாலு வருஷம் அலையறதவிட ஓனருக்கும் இது நிம்மதி, நிறைய பேர் இந்த இடத்துலயே இறங்கி வந்துடறாங்க. முக்கியமா, நீங்க பெண். சட்டப் பணிகள் சட்டம் 1987, 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் கேட்டு வாங்கற உரிமை உண்டு. சொந்தமா நடத்தறேன்னு முடிவு பண்ணினாலும் இத மனசுல வச்சுக்கோங்க, நடுவுல கஷ்டமா இருந்தா கேக்கலாம்.

அங்கயும் முடியலைன்னா பணம் வசூல் கேஸ், அதாவது பிராது. சின்ன தொகைக்கு பெங்களூர்ல ஸ்மால் காஸஸ் கோர்ட் இருக்கு, அதோட உச்சவரம்பத் தாண்டின தொகைன்னா சிட்டி சிவில் கோர்ட். வரம்பு அப்பப்ப மாறறது, ஃபைலிங் கவுன்டர்ல தொகையச் சொல்லி எந்த கோர்ட்னு கேட்டுட்டு பிராதோட தலைப்பப் போடுங்க. கேக்கற தொகைக்கு ஏத்த மாதிரி கோர்ட் ஃபீ, அதுக்கு மேல சம்மன் அனுப்ப ப்ராசஸ் ஃபீ. ஜெயிச்சா கோர்ட் செலவையும் எதிர்த்தரப்பு தரணும்னு பிராதுலயே கேளுங்க. மொத்தத்துல பிராது, அதுல சொன்னதெல்லாம் உண்மைன்னு அஃபிடவிட், ஆதாரங்களோட லிஸ்ட், ஆதாரக் காப்பிகள், எல்லாத்துக்கும் பக்க எண். கவுன்டர்ல இருக்கறவங்க ஏதாவது குறை சொல்லி திருப்பிக் குடுப்பாங்க, மார்ஜின் இல்ல, இந்தப் பக்கத்துல கையெழுத்து இல்லன்னு, அது எல்லா வக்கீலுக்கும் நடக்கறதுதான், மனசு உடைஞ்சு போகாம என்னென்ன குறைன்னு எழுதி வாங்கிட்டு சரி பண்ணிக் குடுங்க. நம்பர் விழுந்ததும் சிஎன்ஆர் நம்பர்னு 16 எழுத்து நம்பர் ஒண்ணு கிடைக்கும், இ-கோர்ட்ஸ் ஆப்ல அதப் போட்டா அடுத்த வாய்தா என்னைக்குன்னு வீட்டுலயே பாத்துக்கலாம்.

வாய்தாவ மட்டும் தவற விடாதீங்க. நீங்க வரலைன்னா கேஸையே தள்ளுபடி பண்ணிடுவாங்க, 30 நாளுக்குள்ள நல்ல காரணம் சொல்லி மனு போட்டு திரும்ப எடுக்கணும், தேவையில்லாத அலைச்சல். உங்கள குறுக்கு விசாரணை பண்றப்ப ஓனரோட வக்கீல் "பாத்ரூம்ல ஒரு டைல்ஸ் உடைஞ்சிருந்தது உண்மைதானே?"ன்னு கேப்பார். உடைஞ்சிருந்தா ஆமான்னு சொல்லிட்டு நிறுத்திடுங்க, கதை சொல்ல ஆரம்பிச்சா அதுல அவர் நாலு கேள்வி எடுப்பார். ஸ்மால் காஸஸ்ல விசாரணை சுருக்கமா நடக்கும், தீர்ப்புக்கு மேல வழக்கமான அப்பீல் இல்ல, ஹைகோர்ட்ல ரிவிஷன், அதாவது சீராய்வு மனு, மட்டும்தான், அதனால தோத்தவர் இழுத்தடிக்கறது கொஞ்சம் கம்மி. மொழி பத்தி கேட்டீங்க, இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கலாம், கன்னடத்துல பேசலாம். ஓனர் தமிழ்ல மெசேஜ் போட்டிருந்தா அதோட மொழிபெயர்ப்பையும் கூட வைங்க.

காலக்கெடு 3 வருஷம், சாவி குடுத்த நாள்லேர்ந்துன்னு வச்சுக்கோங்க. இன்னும் நேரம் இருக்கு, ஆனா தள்ளிப் போடாதீங்க, அந்த வீடியோ, அந்த மெசேஜ் எல்லாம் இன்னைக்கு இருக்கற மாதிரி ரெண்டு வருஷம் கழிச்சு இருக்காது.

கேள்வி: கோயம்புத்தூர்லேர்ந்து கே.ஆர்.புரத்துக்கு வீடு மாத்தினோம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரங்களுக்கு 32,000 குடுத்தோம். ஃபிரிட்ஜ் கதவு நெளிஞ்சு, வாஷிங் மெஷின் ஓடவே இல்ல. அவங்க ஹெட் ஆபீஸ் டெல்லி, கேஸ் அங்க வந்து போடுங்கறாங்க. – வாசகர், கே.ஆர்.புரம்

அவங்க சொல்றத நம்பாதீங்க. இது காசு குடுத்து வாங்கின சேவை, அதனால நுகர்வோர் ஆணையம், மேல சொன்ன கோர்ட் இல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கப்புறம் புகார் குடுக்கறவர் குடியிருக்கற ஊர்லயே, வேல செய்யற ஊர்லயே கேஸ் போடலாம்னு தெளிவா இருக்கு, டெல்லிலேர்ந்து இங்க வர வேண்டியது அவங்கதான், நீங்க அங்க போக வேண்டியதில்ல. ஃபீஸ் இன்னும் நல்ல செய்தி, நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஒரு பைசா கட்டணம் இல்ல. இங்க நிறைய பேர் குழம்பறாங்க, நஷ்டஈடு எவ்வளவு கேக்கறோம்ங்கறது கணக்கு இல்ல, சேவைக்கு எவ்வளவு குடுத்தோம்ங்கறதுதான் கணக்கு. மாவட்ட ஆணையத்துக்கு 50 லட்சம் வரைக்கும் அதிகாரம்.

ஆனா ஒண்ணு அவசரம். லாரில சரக்கு ஏத்தினவங்க மேல கேஸ் போடணும்னா, சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, 16-வது பிரிவுப்படி புக் பண்ணின நாள்லேர்ந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும். நுகர்வோர் கேஸுக்கு 2 வருஷம் டைம் இருக்குன்னு நெனச்சு உக்காந்தா இங்க கதவு மூடிடும். இன்னைக்கே அனுப்புங்க. இமெயிலும் போடுங்க, ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க. நடுவுல 1915 நம்பருக்கு, அதாவது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்து வைங்க, சில கம்பெனி அந்த போனுக்கே வழிக்கு வந்துடும்.

வரலைன்னா இ-ஜாக்ருதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே புகார் ஏத்தலாம், 2025 ஜனவரிலேர்ந்து இருக்கு. பில், புக்கிங் மெசேஜ், இறக்கறப்ப எடுத்த போட்டோ, சர்வீஸ் சென்டர் மெக்கானிக் எழுதிக் குடுத்த எஸ்டிமேட், இது நாலும் இருந்தா கேஸ் நிக்கும். எஸ்டிமேட் ரொம்ப முக்கியம், "கீழே விழுந்த அடியால டிரம் ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு"ன்னு அவர் ஒரு வரி எழுதிட்டா அதுக்கப்புறம் மெஷின் முன்னாடியே கெட்டுப் போயிருந்ததுன்னு கம்பெனி சொல்ல முடியாது. ரிப்பேர் செலவையும் மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகையையும் கேளுங்க, 32,000 விஷயத்துக்கு 10 லட்சம் கேட்டா ஆணையமே முகம் சுளிக்கும்.

எதிர்த்தரப்புக்கு பதில் தாக்கல் பண்ண 30 நாள், கூட 15 நாள் வேணா குடுப்பாங்க. அதுக்கு மேல நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமே இல்லன்னு 2020 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டோட 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொல்லியிருக்கு. அதனால சம்மன் அவங்க கைக்குப் போன தேதிய குறிச்சு வச்சுக்கோங்க, 45 நாள் தாண்டி பதிலோட வந்தா எந்திரிச்சு நின்னு அந்த தேதியச் சொல்லுங்க. 3 மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறைல அத விட அதிகம் ஆகுது, அதுக்குத் தயாரா இருங்க. வீடியோல ஹியரிங் கேட்டு மனு போடவும் வழி இருக்கு.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, தமிழ் மட்டும்தான் தெரியும். ஒரு கடைல வாங்கின மிக்ஸி ரெண்டே வாரத்துல எரிஞ்சு போச்சு, பில் அம்மா பேர்ல இருக்கு. அம்மாவுக்கு பதிலா நான் போய் பேசலாமா? – வாசகர், ஸ்ரீராம்புரம்

நுகர்வோர் ஆணையத்துல பேசலாம். அம்மா கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் ஒண்ணு குடுத்து, இவன் என் பையன், என் சார்பா வருவான்னு சொன்னா, வக்கீலா இல்லாதவங்களையும் பிரதிநிதியா ஏத்துக்க விதி இருக்கு. சம்பளம் வாங்காம வரணும், அவ்வளவுதான். அஃபிடவிட் மட்டும் அம்மா பேர்லயே, அம்மாவுக்கு தமிழ்ல படிச்சுக் காட்டி புரிய வச்சோம்னு ஒரு வரி அதுல சேத்து நோட்டரி முன்னாடி கையெழுத்து வாங்குங்க. சிவில் கோர்ட்ல இது இவ்வளவு சுலபம் இல்ல, அங்க வக்கீல் இல்லாத ஆள் இன்னொருத்தருக்காக வாதாடணும்னா ஜட்ஜோட அனுமதி வேணும்.

கேள்வி: கூட வேல பாத்தவருக்கு 60,000 கைமாத்தா யூபிஐல அனுப்பினேன். எழுத்துல ஒண்ணும் இல்ல. 2 வருஷம் 8 மாசம் ஆச்சு. – வாசகர், அல்சூர்

உங்களுக்கு இருக்கறது இன்னும் 4 மாசம்தான். கடன் குடுத்த நாள்லேர்ந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும். அதுக்குள்ள அவர் "இவ்வளவு தரணும்"னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அந்த தேதியிலேர்ந்து திரும்ப 3 வருஷம் ஓடும், அதனால மொதல்ல மரியாதையா ஒரு கடிதம் எழுதி வாங்கப் பாருங்க. "அடுத்த மாசம் தரேன்"னு வாயால சொன்னா அதுக்கு இந்த பலம் இல்ல. தரலைன்னா இன்னும் 2 மாசத்துக்கு மேல காத்திருக்காம கேஸ் போட்டுடுங்க. யூபிஐ ஸ்டேட்மென்ட் காசு போனத காட்டும், கடனாதான் போச்சுன்னு காட்ட அவர் கேட்ட மெசேஜ் வேணும், தேடி எடுங்க.

கேள்வி: மாடுலர் கிச்சன் போட்டவர் மேல நுகர்வோர் ஆணையத்துல நானே வாதாடி ஜெயிச்சேன், 85,000 தரணும்னு ஆர்டர். 4 மாசமா தரல, அப்பீல் போடப் போறேங்கறார். – வாசகி, மர்ஃபி டவுன்

மொதல்ல வாழ்த்துகள்மா, பெரிய விஷயம் பண்ணியிருக்கீங்க. அப்பீலுக்கு 45 நாள்தான் டைம், அதுக்கு அவர் ஆர்டர் தொகைல பாதிய கட்டினாதான் மாநில ஆணையம் அப்பீல எடுத்துக்கவே செய்யும். 4 மாசம் ஆனதுக்கப்புறம் போடப் போறேங்கறது பெரும்பாலும் பயமுறுத்தல், ஆனாலும் போர்ட்டல்ல அவர் பேர்ல தேடிப் பாத்துடுங்க. அப்பீல் போட்டிருந்தாலும் ஸ்டே வாங்காத வரைக்கும் உங்க ஆர்டர் உயிரோடதான் இருக்கு.

அதே மாவட்ட ஆணையத்துல நிறைவேற்று மனு, அதாவது ஆர்டர அமல்படுத்தச் சொல்ற மனு, போடுங்க. நுகர்வோர் சட்டம் 71-வது பிரிவுல போட்டா கோர்ட் டிக்ரி (தீர்ப்பாணை) மாதிரியே அவரோட பேங்க் அக்கவுன்ட முடக்கி எடுக்கலாம், அதனால நீங்க அவருக்கு பணம் அனுப்பின அக்கவுன்ட் நம்பர் மனுல இருக்கட்டும். 72-வது பிரிவு தண்டனை, ஆர்டர மதிக்காதவருக்கு 1 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 25,000-க்குக் குறையாத அபராதம், இல்லன்னா ரெண்டும். 72-ல நேர்ல வரச் சொல்லி உத்தரவு போனதும்தான் நிறைய பேர் டிடி எடுத்துட்டு வர்றாங்க, அதனால ரெண்டு மனுவையும் தனித்தனியா போடுங்க. ஆர்டரோட சர்டிஃபைட் காப்பியும், 85,000-க்கு இன்னைக்கு வரைக்கும் வட்டி எவ்வளவுன்னு ஒரு கணக்குத்தாளும் கூட வைங்க. வட்டி விகிதம் ஆர்டர்லயே எழுதியிருக்கும், அதத் தாண்டி ஒரு ரூபா கூடப் போடாதீங்க.

இதே மாதிரி சிவில் கோர்ட் டிக்ரி வச்சிருக்கறவங்களும் போன மாசம் ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தீங்க. உங்களுக்கு நிறைவேற்று மனு போட 12 வருஷம் டைம் இருக்கு. வீட்டு ஓனர் மேல டிக்ரின்னா, அந்த வீட்டுல இப்ப குடியிருக்கறவர் குடுக்கற வாடகைய நேரா கோர்ட்ல கட்டச் சொல்லியே மனு போடலாம், அதுக்கு அந்த வாடகைதாரர் பேரும் விலாசமும் வேணும், அத விசாரிச்சு வச்சுக்கோங்க.